நடைப்பொறியும் நம்மவர் நடையும்



ஆண்டுவிழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, வழமைபோல் இலக்கியம் பற்றியோ இலக்கணம் பற்றியோ எழுதுவதாகவே எண்ணியிருந்தோம். அவ்வாறு எழுதுவது நமக்கு எளிது, படிப்போருக்கும் பழகியது. எனினும் இம்முறை ஓர் இயந்திரத்தைப் பற்றி எழுதத் துணிந்துள்ளோம். ஆங்கிலத்தில் ட்ரெட்மில் என வழங்குவதும், நம்மவர் வீடுகள் பலவற்றின் நிலவறையில் துணி உலர்த்தும் கொடியாகப் பணிபுரிந்து வருவதுமாகிய இயந்திரமே அது. இப்பொருளைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. அதனை முதலிற் கூறிவிடுகிறோம்.

நம் பள்ளிக்குச் சனிக்கிழமைதோறும் முதல் ஆளாக வந்து வகுப்பறைகளைத் திறந்து, கதிரைகளை வரிசைப்படுத்தி, எல்லோரும் சென்றபின் விளக்குகளை அணைத்துச் செல்லும் பெற்றோர் ஒருவர் இருந்தார். சிறுவர்கள் அவரைச் 'சாவி மாமா' என்றே அறிவர். சென்ற தை மாதத்தில், பனி கொட்டிய இரவின் மறுநாட் காலை, வீட்டு வாசலிற் குவிந்திருந்த பனியை மண்வெட்டியால் அள்ளிக்கொண்டிருந்தபோது மாரடைப்பினால் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 46. அவர் புகைப்பவர் அல்லர். மது அருந்துபவர் அல்லர். பார்வைக்குப் பருமனானவரும் அல்லர்.

சில வாரங்கள் கழித்து அவர் துணைவியார் நம்மை அழைத்து, தம் வீட்டிலிருந்த நடைப்பொறியை எடுத்துச் செல்லுமாறு வேண்டினார். "இதைப் பார்க்கப் பார்க்க மனம் தாங்குதில்லை, மாஸ்டர்" என்றார். அதன் கைப்பிடியில் அவருடைய சட்டைகள் இரண்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. நம் வீட்டிற்குக் கொண்டுவந்து மின்னிணைப்புக் கொடுத்தபோது, அப்பொறியில் அதுவரை நடக்கப்பட்ட மொத்தத் தூரம் திரையில் தோன்றியது. வாங்கி ஆறு ஆண்டுகள். நடந்தது 19 மைல்.

இதனைக் குறை கூறும் நோக்கில் எழுதவில்லை. அந்த அம்மையாரின் இசைவு பெற்றே எழுதுகிறோம். நம்மிடம் அப்போது நடைப்பொறி இருந்ததில்லை. இருந்திருப்பின் நம்முடைய எண் 19ஐத் தொட்டிருக்குமா என்பதே ஐயம்.

இனிப் பொருளுக்கு வருவோம்.

'ட்ரெட்' என்றால் மிதித்தல். 'மில்' என்றால் ஆலை. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'மிதியாலை' ஆகும். மேல்வகுப்பு மாணவரிடம் இதற்கு ஒரு தமிழ்ப்பெயர் இடச் சொன்னோம். ஒருத்தி 'ஓடுபட்டை' என்றாள். ஒருவன் 'எங்கும் போகாத வண்டி' என்றான். நகைப்பு அடங்கியபின் 'நடைப்பொறி' என்பதை வகுப்பு ஏற்றுக்கொண்டது. அப்போது ஒரு மாணவி, "அது ஆலை என்றால் எதை அரைக்கிறது, சேர்?" என வினவினாள். நல்ல வினா. அதற்கு விடை கூறச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

நின்ற இடத்தை விட்டகலாமல் நடந்து வேலை செய்வது பழைய வழக்கம். யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் துலா மிதித்தவர்களைப் பற்றி நம் பெற்றோர் கேள்விப்பட்டிருப்பர். கிணற்றோரம் நாட்டிய கால்களின்மேல் நீண்ட துலாமரம் கிடக்கும். அதன்மேல் ஏறியவர்கள் முன்னும் பின்னுமாக நடக்க, மரம் தாழ்ந்தும் உயர்ந்தும் நீரை மேலே கொணரும். கீழே நிற்பவர் அதனை வாய்க்காலில் ஊற்றுவார். தமிழ்நாட்டில் இதனை ஏற்றம் என்பர். அமெரிக்கப் பண்ணைகளிலோ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாயையும் செம்மறியாட்டையும் சாய்வான பட்டையின்மேல் நடக்கவிட்டு வெண்ணெய் கடைந்தனர். குதிரையை நடக்கவிட்டுக் கதிரடித்தனர். அந்நடைகள் எல்லாவற்றுக்கும் பயன் இருந்தது. நீர் வந்தது, வெண்ணெய் வந்தது.

பயனற்ற நடையைக் கண்டவர்கள் சிறைக்காவலர்களே. வில்லியம் கியூபிட் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் 1818ஆம் ஆண்டில் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரச் சிறைக்கென ஒரு பெருஞ்சக்கரத்தை வடிவமைத்தார். சக்கரத்தின் வெளிப்புறம் முழுவதும் படிகள். கைதிகள் வரிசையாக நின்று படிமேற் காலை வைப்பர். பாரத்தால் படி கீழிறங்கும். அடுத்த படியில் மறுகாலை வைக்க வேண்டும். ஏறிக்கொண்டே இருந்தும் ஓர் அடியும் உயர்வதில்லை. சில சிறைகளில் இச்சக்கரம் தானியம் அரைத்தது. சிலவற்றில் நீர் இறைத்தது. சிலவற்றில் ஒன்றுமே செய்யாமல் வெறுங்காற்றை அரைத்தது. ஆலை என்ற சொல் இங்கிருந்தே ஒட்டிக்கொண்டது. 1821இல் இலண்டனின் பிரிக்ஸ்ரன் சிறையிலும், 1822இல் நமக்கு அண்டை நகராகிய நியூயோர்க்கிலும் இது நிறுவப்பட்டது. யமேய்க்காவில், 1834இல் அடிமைமுறை சட்டப்படி நீங்கிய பின்னரும், விடுதலை பெற்றவர்களைத் தண்டிக்க இச்சக்கரம் பயன்பட்டது. எழுத்தாளர் ஒஸ்கார் வைல்ட் 1895இல் சிறைப்பட்டபோது இதனை மிதித்தார். 1898ஆம் ஆண்டுச் சிறைச்சட்டத்தின் பின்னரே பிரித்தானியாவில் இது வழக்கொழிந்தது.

நடப்பது எங்ஙனம் தண்டனையாகும் என மாணவர்கள் வியக்கலாம். பெற்றோருள் சிலர் வியக்கமாட்டார். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தபோது நாமும் அக்கூட்டத்தில் ஒருவராய் நடந்தோம். அப்போது உயர்தர வகுப்பு மாணவன், வயது பதினெட்டு. துவிச்சக்கரவண்டியின் கைப்பிடியில் இரு பைகளும், பின்னிருக்கையில் அப்பம்மாவும். சாவகச்சேரி பத்து மைல் தூரந்தான். நாவற்குழிப் பாலத்தை அணுகியபின் ஒரு காலடி வைக்கப் பத்து நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. மழையும் பெய்தது. நடப்பதற்கு இடமில்லாமல் நின்ற அந்த இரவை எண்ணும்போது, இன்று நிலவறையில் நாம் விரும்பிய நேரத்தில், விரும்பிய வேகத்தில் நடக்கிறோம் என்பதே ஒரு செல்வமாகத் தோன்றும். அது நிற்க.

தண்டனைக் கருவி மருத்துவக் கருவியாக மாறியது இருபதாம் நூற்றாண்டின் நடுவில். சியாற்றில் நகரில், வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தின் இதயநோய் வைத்தியர் றொபேர்ட் புறூஸ் என்பவர், நோயாளியைக் கட்டிலிற் கிடத்தி இதயத்தை ஆராய்வதால் மட்டும் பயனில்லை எனக் கருதினார். பழுதுள்ள வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு பார்த்தால் ஓசை கேட்குமா? ஓட்டினால் அன்றோ கேட்கும்! ஆகவே 1950களில் அவர், வேய்ன் குவின்ரன் என்னும் பொறியியலாளர் உருவாக்கிய மின்நடைப்பொறியில் நோயாளிகளை நடக்கவிட்டு, அந்நேரத்திலேயே ஈ.சி.ஜி. எடுத்தார். 1963இல் அவர் வகுத்து வெளியிட்ட முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. முதல் மூன்று நிமிடங்கள் மணிக்கு 1.7 மைல் வேகம், நூற்றுக்குப் பத்துச் சாய்வு. அடுத்த மூன்று நிமிடங்கள் 2.5 மைல், பன்னிரண்டு சாய்வு, அதன்பின் 3.4 மைல், பதினான்கு சாய்வு. இவ்வாறு மூன்று நிமிடத்துக்கொரு முறை வேகமும் ஏற்றமும் கூடும்.

நண்பரின் மறைவுக்குப் பின் இச்சோதனையை நாமும் செய்துகொண்டோம். மார்பில் கம்பிகளை ஒட்டி, கையில் குருதியமுக்கப் பட்டியைச் சுற்றி, நடக்கச் சொன்னார்கள். முதற்கட்டத்தில் தாதியுடன் உரையாடிக்கொண்டே நடந்தோம். இரண்டாங் கட்டத்தில் உரையாடல் குறைந்தது. மூன்றாங் கட்டத்தின் நடுவில், ஏழு நிமிடங்கள் நாற்பது விநாடிகளில், போதும் எனக் கைகாட்டிவிட்டோம். இதயத்திற் பழுதில்லை, குருதியில் சர்க்கரை மட்டும் நீரிழிவின் வாசலில் நின்றது. வைத்தியர் கேட்டது ஒரே கேள்வி: "நாளொன்றுக்கு எத்தனை நிமிடம் நடக்கிறீர்கள்?"

வீட்டுக்கு வந்து கணக்கிட்டோம். வீட்டுக் கதவிலிருந்து கார், காரிலிருந்து பணியிடம், பணியிடத்தில் நாற்காலி, மீண்டும் கார், கடை வாசலுக்கு மிக அருகே வண்டி நிறுத்தத்தைத் தேடிப் பிடிக்கும் சாமர்த்தியம். எல்லாம் கூட்டினால் பதினைந்து நிமிடங்கூடத் தேறவில்லை. பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத 1990களின் யாழ்ப்பாணத்தில், பாடசாலைக்கும் தனியார் வகுப்புக்கும் நாள்தோறும் எத்தனை மைல் சைக்கிள் உழக்கினோம்! அன்று அதனைத் துன்பம் என்றே நினைத்தோம். துன்பந்தான், ஆனால் நமக்குத் தெரியாமலே அது உடலைக் காத்து வந்தது.

இங்கே நம்மவர் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசம், நேபாளம் ஆகிய ஐந்து நாடுகளில் முதன்முறை மாரடைப்பு வந்தவர்களின் சராசரி வயது 53 என்றும், ஏனைய நாடுகளில் அது 59 என்றும் 2007இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு காட்டியது. ஆறாண்டு முந்திக்கொள்கிறோம். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடையோர். நாட்டை விட்டு வந்துவிட்டதால் இது நம்மை விட்டுவிடவில்லை. கலிபோர்னியாவின் விரிகுடாப் பகுதியிலும் சிக்காகோவிலும் 2010 முதல் தெற்காசியரின் இதய நலத்தைத் தொடர்ந்து ஆராய்ந்துவரும் ஒரு பேராய்வு உண்டு. அதன் சுருக்கப்பெயர் 'மசாலா' என்பது சிறுவர்களுக்குச் சுவையளிக்கும். 2018இல் அமெரிக்க இதயநோய் அமைப்புகள் வெளியிட்ட கொழுப்பு வழிகாட்டியில், தெற்காசிய வழித்தோன்றலாயிருப்பதே ஆபத்தைக் கூட்டும் காரணங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. 2015 முதல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம், ஆசியர்களுக்கு உடல்நிறைச் சுட்டெண் 23ஐ எட்டும்போதே நீரிழிவுச் சோதனை செய்யுமாறு கூறிவருகிறது. பிறருக்கு அது 25. ஐந்தடி ஏழங்குல உயரமுள்ள ஒருவருக்கு இது ஏறத்தாழ 67 கிலோ எடை. "நான் ஒல்லி, எனக்கென்ன?" என்று இருப்போர் ஒருமுறை நிறுத்துப் பார்க்கவும். நண்பரும் ஒல்லியே.

இனி, இந்த இயந்திரம் நம் வீட்டுக்குள் எவ்வாறு வந்தது என்பதைக் காண்போம். இதில் நம் நியூ ஜெர்சி மாநிலத்துக்குப் பெருமை உண்டு. நம்மவருள் பலர் அறியாத பெருமை. 1968இல் அமெரிக்க விமானப்படையின் வைத்தியர் கென்னத் கூப்பர், 'ஏரோபிக்ஸ்' என்னும் நூலை வெளியிட்டார். இதயமும் நுரையீரலும் தொடர்ந்து உழைக்கும்படி நடப்பதும் ஓடுவதுமே உடல்நலத்தின் அடிப்படை என்பது அந்நூலின் சாரம். இந்நூலைப் படித்தவர்களுள் ஒருவர், நியூ ஜெர்சியின் கிளிப்ரன் நகரில் வாழ்ந்த வில்லியம் ஸ்ரோப் என்னும் இயந்திரப் பொறியியலாளர். மழையிலும் பனியிலும் மக்கள் எங்கே நடப்பது? அக்காலத்து நடைப்பொறிகள் வைத்தியசாலைகளுக்கும் ஆய்வுகூடங்களுக்கும் உரியவை. சாதாரணக் குடும்பம் வாங்க இயலாதவை. ஸ்ரோப் தாமே ஒரு எளிய பொறியைச் செய்து கூப்பருக்கு அனுப்பினார். நாற்பது இரும்பு உருளைகள்; அவற்றின்மேல் செம்மஞ்சள் நிறப் பட்டை; நேரத்துக்கும் வேகத்துக்கும் இரண்டு திருகுகள்; அவ்வளவே. கூப்பரின் ஊக்கத்துடன் அது 'பேஸ்மாஸ்டர் 600' என்னும் பெயரில் முதலிற் கிளிப்ரனிலும், பின்னர் லிற்றில் போல்ஸ் நகரிலும் செய்யப்பட்டு வீடுகளுக்குச் சென்றது. ஸ்ரோப் 2012ஆம் ஆண்டு ஜூலையில், தமது 96ஆம் வயதிற் காலமானார். இறப்பதற்குச் சில மாதங்கள் முன்புவரை தாம் செய்த பொறியில் நடந்துவந்தாராம்.

கூப்பர் 1970இல் டெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் நகருக்குச் சென்று ஒரு மருத்துவ நிலையமும் ஆய்வு நிறுவனமும் அமைத்தார். அங்கே நடைப்பொறியிற் சோதிக்கப்பட்ட 13,344 பேரை எட்டாண்டுக்குச் சற்று மேலாகத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1989இல் வெளியாயிற்று. பொறியில் நீண்ட நேரம் தாக்குப்பிடித்தவர்களிடையே இறப்புக் குறைவு என்பது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது வேறு. மிகப் பெரிய வேறுபாடு, ஓட்டவீரர்களுக்கும் நடுத்தரத்தாருக்கும் இடையில் அன்று. கடைநிலையில் இருந்தோருக்கும் அதற்கு அடுத்த படியில் இருந்தோருக்கும் இடையில் இருந்தது. வகுப்பில் முதலாம் பிள்ளையாக வரவேண்டியதில்லை; கடைசி வாங்கிலிருந்து ஒரு வாங்கு முன்னே வந்தாலே பெரும்பயன். பிள்ளைகளின் புள்ளிகளைப் பார்த்து ஏங்கும் பெற்றோர் இதனை இருமுறை படிக்கலாம்.

அறிவியல் கற்பித்த பழக்கம் நம்மை விடவில்லை. ஆகையால் பொறி இயங்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறோம். முன்னும் பின்னும் ஓர் உருளை. இரண்டையும் சுற்றி முடிவற்ற பட்டை. முன்னுருளையை மோட்டார் சுழற்றும். பட்டைக்கு அடியில் வழுவழுப்பான பலகை உடலின் பாரத்தைத் தாங்கும். பட்டைக்கும் பலகைக்கும் இடையே உராய்வு மிகாதிருக்க, அவ்வப்போது தயாரிப்பாளர் சொல்லும் சிலிக்கோன் எண்ணெய் இட வேண்டும். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ இடலாகாது. சிரிக்க வேண்டாம், இட்டவர் ஒருவரை அறிவோம்.

பட்டைதானே காலைப் பின்னுக்குக் கொண்டுபோகிறது, நாம் காலைத் தூக்கி வைத்தால் மட்டும் போதுமே. இது உண்மையான நடையாகுமா? இந்த ஐயத்தை எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுப்பினான். பெரியவர்களுக்கும் இவ்வையம் உண்டு. ஓடும் புகைவண்டிக்குள் நடந்து பாருங்கள். வண்டி சீரான வேகத்தில், குலுங்காமல், நேராகச் செல்லுமானால், உள்ளே நடப்பதும் வீட்டுக் கூடத்தில் நடப்பதும் ஒன்றே. வேகம் மாறும்போது மட்டுமே தள்ளாடுவோம். அதாவது ஆர்முடுகல் இருக்கும்போது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதனை முடுக்கம் என்னும். பட்டையும் அத்தகையதே. பட்டையின்மேல் ஓர் எறும்பு அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். அவ்வெறும்புக்குப் பட்டை அசையாத நிலம். மனிதர் அதன்மேல் முன்னோக்கி நடந்து செல்பவர். சீரான வேகத்தில் நம் தசைகளும் எறும்பின் கணக்கையே ஏற்கின்றன. கடைத்தொகுதிகளில் இறங்கிவரும் நகரும் படிக்கட்டில் குறும்புக்காக மேல்நோக்கி ஏறியிருப்பீர்கள். உயராமல் அதே இடத்தில் நின்றாலும் மூச்சு வாங்கியதா இல்லையா? சாய்த்து வைத்த நடைப்பொறியும், கியூபிட்டின் சிறைச்சக்கரமும் அதே கணக்குத்தான்.

ஒரேயொரு குறை, எதிர்காற்று இல்லாமை. வேகமாக ஓடுவோர் அதனை ஈடுசெய்ய நூற்றுக்கு ஒரு பங்கு சாய்வு வைத்தால் போதும் என 1996இல் ஓர் ஆய்வு காட்டியது. நடப்பவர்க்கு அது தேவையில்லை.

சாய்வைப் பற்றிச் சற்று விரித்துக் கூறுவோம். நம்மவர் பெரும்பாலும் அந்தப் பொத்தானைத் தொடுவதேயில்லை. அமைதியாக அமர்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலை ஒரு பங்கு எனக் கொண்டால், மணிக்கு 3 மைல் வேகத்தில் சமதளத்தில் நடக்க 3.3 பங்கு தேவை. வேகத்தைக் கூட்டாமல், சாய்வை மட்டும் நூற்றுக்கு ஐந்தாக உயர்த்தினால் 5.4 பங்கு ஆகிறது. ஓட இயலாதவர்க்கும், முழங்கால் நோவுள்ளவர்க்கும் ஓடாமலே உழைப்பைக் கூட்ட இது வழி. ஆனால் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு ஏறினால் இக்கணக்குப் பொய்த்துவிடும். உடலின் பாரத்தைக் கை சுமந்துகொள்ள, திரை மட்டும் பெரிய எண்ணைக் காட்டும்.

எடை குறைப்பதற்கென்றே வாங்குவோர் ஏமாறலாம் என்பதையும் ஒளிக்காமற் கூற வேண்டும். 70 கிலோ எடையுள்ளவர் அரைமணி நேரம், 3 மைல் வேகத்தில், சமதளத்தில் நடந்தால் செலவாவது சுமார் 115 கலோரி. ஒரு கோப்பைச் சோற்றில் இருப்பது சுமார் 200. நடந்துவிட்டோம் என்ற துணிவில் இன்னோர் அகப்பை போட்டுக்கொண்டால் கணக்கு எதிர்ப்பக்கம் சாயும். நடையின் பெரும்பயன் வேறிடத்தில் உள்ளது. தொடையிலும் கெண்டைக்காலிலும் உள்ள பெருந்தசைகள் இயங்கும்போது, இன்சுலினின் துணையை அதிகம் எதிர்பாராமலே குருதியிலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. ஆதலால் உண்டபின் நடப்பது சிறப்பு. வாஷிங்ரன் நகரத்து ஜோர்ஜ் வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தார் 2013இல் வெளியிட்ட சிறு ஆய்வொன்றில், ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் பதினைந்து நிமிடம் நடைப்பொறியில் நடந்த முதியோரின் சர்க்கரை, நாள் முழுவதும் சீரடைந்தது. நம் வீட்டில் இரவுச் சாப்பாட்டின் பின் தொலைக்காட்சிச் செய்தியை இப்போது நடந்துகொண்டே பார்க்கிறோம். மூன்று மாதங்களில் சர்க்கரை வாசலை விட்டுச் சற்றே பின்வாங்கியுள்ளது.

அமெரிக்க அரசின் வழிகாட்டி, பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உழைப்பையும், ஆறு முதல் பதினேழு வயதினர்க்கு நாள்தோறும் 60 நிமிட உடலியக்கத்தையும் வலியுறுத்துகிறது. மிதமான வேகம் எது என அறியக் கருவி வேண்டா. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. பேசவே முடியாவிடில் வேகம் மிகுதி.

தொடங்குவோர் முதலில் வைத்தியரைக் காண்க. நீரிழிவு, குருதியமுக்கம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருப்போர் கட்டாயம் காண்க. பட்டைமேல் நின்றபடி பொறியை முடுக்கலாகாது. இருபக்க ஓரங்களிலும் கால்வைத்து நின்று, மணிக்கு ஒரு மைல் வேகத்தில் பட்டை ஓடத் தொடங்கியபின் இறங்கி நடக்க வேண்டும். பாதுகாப்புச் சாவியின் கயிற்றை உடையிற் செருகிக்கொள்ள வேண்டும். தவறி விழுந்தால் சாவி கழன்று பொறி தானே நிற்கும். அநேகர் இக்கயிற்றை அலங்காரம் என எண்ணியுள்ளனர். வெறுங்காலும் செருப்பும் ஆகா. குளிர்காலத்தில் ஊரிலிருந்து வந்து வீட்டுக்குள் அடைபட்டிருக்கும் அம்மாமாரும் அம்மம்மாமாரும் இதில் மெல்ல நடப்பது மிக நல்லது. ஆனால் சேலைத் தலைப்பையும் கொய்யகத்தையும் ஏற்றிச் செருகாமல் ஏறவேண்டாம். துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட வேண்டும். அருகில் ஒருவர் நிற்பது நல்லது. நடக்கும்போது மார்பில் இறுக்கம், தாடையிலோ இடக்கையிலோ நோவு, தலைச்சுற்றல் தோன்றினால் உடனே நிறுத்தி 911ஐ அழைக்க வேண்டும். வாயு என்று சொல்லி இஞ்சிச்சாறு குடித்துக் காத்திருக்க வேண்டாம்.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு ஒரு வார்த்தை. ஓடும் பட்டையின் பின்முனை சிறு கைகளை உள்ளே இழுக்கும்; தோலை உரிக்கும்; அதனினும் கொடியனவும் நேரும். 2021 மே மாதத்தில், ஒரு குழந்தை இறந்ததையும் எழுபதுக்கு மேற்பட்ட விபத்துகளையும் அடுத்து, பெலோட்டன் நிறுவனம் ஒருவகை நடைப்பொறிகள் சுமார் 1,25,000ஐத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எவ்வகைப் பொறியாயினும் பின்முனை சுவரைப் பாராமல், பின்னே ஆறடி வெற்றிடம் இருக்க வேண்டும். நடந்து முடிந்ததும் சாவியைக் கழற்றி உயரத்தில் வைத்து, மின்செருகியையும் பிடுங்கிவிட வேண்டும். மாணவச் செல்வங்களே, பெரியவர் அருகில்லாமல் இதன்மேல் ஏறாதீர்கள். பந்து பின்னே உருண்டோடினால், பொறி நிற்கும்வரை அது அங்கேயே கிடக்கட்டும்.

இவ்வளவு எச்சரித்ததால் அஞ்சிவிடாதிருக்க, ஒரு மகிழ்ச்சியான செய்தியையும் கூறுவோம். பூமிக்கு மேலே சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் நடைப்பொறி உண்டு. அங்கே எடையின்மையால் எலும்பும் தசையும் நலிந்துவிடும் என்பதால், வீரர்கள் நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கின்றனர். மிதந்து போகாமலிருக்க உடலை வார்களால் பொறியோடு பிணைத்துக்கொண்டு ஓட வேண்டும். சுனிதா வில்லியம்ஸ் 2007 ஏப்ரல் 16ஆம் நாள், பொஸ்ரன் மரதன் ஓட்டம் கீழே நடந்தபோது, மேலே அந்தப் பொறியில் 26.2 மைலையும் ஓடி முடித்தார். எடுத்த நேரம் சுமார் நான்கு மணி இருபத்துநான்கு நிமிடம். அந்நேரத்துக்குள் நிலையம் பூமியை இரண்டு முறைக்கு மேல் சுற்றிவிட்டது. எங்கும் போகாத வண்டி என்று சொன்ன மாணவன் கவனிக்கவும்.

பொறி இல்லாதவர் அதனைக் கட்டாயம் வாங்க வேண்டும் என்று நாம் கூற வரவில்லை. பாதையும் வெயிலும் மரமும் இருக்கும்போது வெளியே நடப்பதே இன்பம். குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும் இம்மாநிலத்தில், நடைபாதையே இல்லாத தெருக்களில் வாழ்வோருக்கு வேறு வழி அரிது. அத்தகையோர் புதிதாய் வாங்குமுன், ஏற்கெனவே வைத்திருக்கும் நண்பர் வீட்டு நிலவறைகளை விசாரிக்கவும். துணிகளை மட்டும் அகற்றினால் போதுமானவை பல அங்கே உள்ளன.

இன்னொன்று. சனிக்கிழமைகளிற் பிள்ளைகள் வகுப்பிலிருக்கும் இரண்டு மணி நேரமும், பெற்றோர்களிற் பெரும்பாலோர் வண்டி நிறுத்துமிடத்தில், காரின் உள்ளேயே, கைத்தொலைபேசியைப் பார்த்தபடி அமர்ந்திருப்பதை வகுப்பறைச் சாளரத்தினூடாகக் கண்டிருக்கிறோம். வருகிற தவணை முதல், முதற் பாடவேளை தொடங்கியதும் பள்ளி மைதானத்தைச் சுற்றி நடப்பதற்கு ஒரு சிறு குழு அமைத்துள்ளோம். எட்டுப் பெற்றோர் பெயர் தந்துள்ளனர். பனி, மழை நாள்களில் உள்ளரங்கில் நடக்க நிர்வாகத்தின் அனுமதி கிடைத்துள்ளது. அரங்கின் சாவி இப்போது நம்மிடம் உள்ளது. நடப்பதற்கேற்ற காலணியுடன் வரவும்.